‘மெதுவாகப் போகிறது’ என்று எழுதிய பிறகு: ஒரு நிதானமான வெஸ்டர்ன் படத்தைப் பார்க்கவும் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் ஒரு வழிகாட்டி

2007 செப்டம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘தி அசாசினேஷன் ஆஃப் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பை தி கவர்ட் ராபர்ட் ஃபோர்டு’ படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லியிருப்பதை ஒருசேரப் படிப்பவருக்கு, இவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்ற சந்தேகம் வரும். ரயில் கொள்ளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதன்பின் ஆட்கள் குளிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு தரப்பு அலுத்துக்கொள்கிறது. அதே பேச்சையும் அதே குளிரையும் சுட்டிக்காட்டி, இந்த நூற்றாண்டின் வெஸ்டர்ன் (நம் ஊர் வழக்கில் கௌபாய்) படங்களில் இதற்கு இணையே இல்லை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரு தரப்பும் தரும் விவரங்களில் பிழை இல்லை என்பதுதான் வேடிக்கை.

இத்தகைய படம் ஒன்றைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவும், பார்த்தபின் பிறருக்குப் பயன்படும்படி ஒரு கருத்தை எழுதவும் விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக நகரும் எந்த வெஸ்டர்ன் படத்துக்கும் இந்த முறை பொருந்தும் என்றாலும், பொதுவாகப் பேசினால் எல்லாம் நழுவிவிடும் என்பதால் கடைசிவரை இந்த ஒரு படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கதையின் முடிவையும் சொல்லிவிடுவேன். அதற்காக யாரும் கோபிக்க முடியாது, ஏனென்றால் யார் யாரைக் கொன்றார் என்பதைப் படத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது: ‘கோழை ராபர்ட் ஃபோர்டு ஜெஸ்ஸி ஜேம்ஸைக் கொன்றது’ என்பது அதன் பொருள்.

பார்ப்பதற்கு முன்: பிறர் கருத்தைப் படிக்கும் முறை

மதிப்பெண்களை ஒதுக்கிவிடுங்கள். பத்துக்கு ஒன்று கொடுத்தவரும் பத்துக்குப் பத்து கொடுத்தவரும் ஒரே காட்சியை நினைத்துக்கொண்டு கொடுத்திருக்கும்போது, அந்த எண்களின் சராசரி உங்களுக்கு எதையும் சொல்லாது. அதற்குப் பதிலாக, பிடிக்கவில்லை என்று எழுதியவர்களின் குறிப்புகளை முதலில் படியுங்கள். புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ‘கவிதை’, ‘ஓவியம்’ என்ற இரண்டு சொற்களோடு கையை உதறிவிடுகிறார்கள். எரிச்சலடைந்தவரோ தன் எரிச்சலுக்குக் காரணம் காட்ட வேண்டியிருப்பதால், படம் 160 நிமிடம் ஓடுகிறது, பின்னணியில் ஒருவர் வரலாற்று நூலை வாசிப்பதுபோலக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறார், துப்பாக்கிச் சண்டைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன, நாயகன் இறந்தபிறகும் படம் முடிய மறுக்கிறது என்று வரிசையாக விவரங்களைக் கொட்டிவிடுகிறார். அந்த விவரங்கள் உங்களுக்குச் சரிப்படுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவருடைய எரிச்சல் உங்களுக்குத் தேவையில்லை. அவருடைய பட்டியல் தேவை.

அடுத்து, ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று எழுதியவர் எது நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனார் என்பதைக் கவனியுங்கள். இந்தப் படத்துக்கு அது மிக முக்கியம். அதே மாதத்தில் ‘3:10 டு யூமா’ என்ற இன்னொரு வெஸ்டர்ன் வந்தது. அதில் துரத்தலும் சண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுவரொட்டியில், கொள்ளைக்காரர் ஜெஸ்ஸியாக நடித்த பிராட் பிட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியொரு படத்தை நினைத்துப் போனவர் ஏமாந்தது இயல்பே. எழுபதுகளில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களால் ‘கௌபாய் படம்’ என்ற சொல்லுக்கே ஒரு வேகம் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பார்வையாளருக்கும் இதே ஏமாற்றம் நேரலாம். எதிர்பார்ப்பு உடைந்ததால் வந்த கோபத்தையும், படத்தின் குறையால் வந்த கோபத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பாதிக் கருத்துகளை ஒரே பார்வையில் எடை போட்டுவிடலாம்.

வசூல் விவரங்களைச் சான்றாகக் காட்டும் கருத்துகளையும் கடந்து போய்விடலாம். ஏறத்தாழ மூன்று கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. 2005-இல் எடுத்து முடிக்கப்பட்ட படத்தின் வெளியீடு, படத்தொகுப்பு குறித்த இழுபறியால் 2007 வரை தள்ளிப்போனது. அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் பிராட் பிட் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றதும், ராபர்ட் ஃபோர்டாக நடித்த கேசி அஃப்லெக்கும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் உண்மைதான். தோல்வியை வைத்தும் விருதை வைத்தும் வாதிடுகிறவர்கள் படத்தைப் பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய வரலாறு

வரலாறு தெரியாமல் படம் பார்க்கலாம் என்பது பொதுவாக எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தப் படம் தன் பார்வையாளருக்குக் கதை முன்பே தெரியும் என்ற துணிவில் எடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸின் பெயர் பாட்டாகவும் கதையாகவும் காதில் விழுந்து பழகியது. நமக்கு அப்படி இல்லாததால் ஐந்து நிமிடம் செலவழித்துச் சிலவற்றை மனதில் வைத்துக்கொண்டால், ‘மெதுவாக’ என்று தோன்றும் பல இடங்களின் பொருள் மாறிவிடும்.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1847-இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தரப்புக்காகக் கெரில்லாப் போர் நடத்திய கூட்டத்தில் பதின்ம வயதிலேயே சேர்ந்தவர். போர் முடிந்தபின் அண்ணன் ஃபிராங்குடனும் யங்கர் சகோதரர்களுடனும் வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்தார். 1876 செப்டம்பர் 7 அன்று மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்டில் ஊர் மக்களே திருப்பிச் சுட்டதில் அந்தக் கூட்டம் சிதைந்தது. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1881 செப்டம்பர் 7 இரவு, மிசூரியின் புளூ கட் என்ற இடத்தில் ரயிலை மறித்ததுதான் ஜேம்ஸ் கூட்டத்தின் கடைசி ரயில் கொள்ளை. படம் அங்கேதான் தொடங்குகிறது. பழைய கூட்டாளிகள் செத்தோ சிறையிலோ போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் திரட்டிய அரைகுறை ஆட்கள். ஃபிராங்க் கொள்ளையோடு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே போகிறார். வேறு படங்கள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ‘ஆக்‌ஷன் எப்போது வரும்’ என்று காத்திருக்க மாட்டீர்கள். அது பதினைந்து ஆண்டுகளாக நடந்து, படம் தொடங்கும்போதே ஏறத்தாழ முடிந்துவிட்டது.

மீதி இரண்டு தேதிகளும் தெரிந்திருக்கட்டும். 1882 ஏப்ரல் 3 அன்று, தாமஸ் ஹோவர்டு என்ற பொய்ப் பெயரில் செயின்ட் ஜோசஃப் ஊரில் குடியிருந்த ஜெஸ்ஸியை, அவர் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கியிருந்த இருபது வயது ராபர்ட் ஃபோர்டு பின்னந்தலையில் சுட்டுக் கொன்றான். அவனும் அவன் அண்ணன் சார்லியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அதே நாளில் ஆளுநர் கிரிட்டெண்டனால் மன்னிக்கப்பட்டார்கள். 1892 ஜூன் 8 அன்று கொலராடோவின் கிரீடு என்ற சுரங்க ஊரில், ஃபோர்டை இன்னொருவன் சுட்டுக் கொன்றான். படத்தின் கால அளவு இதுதான்: ஏழு மாதங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல், அதன்பின் வரும் பத்து ஆண்டுகளுக்கு எஞ்சிய கொஞ்ச நேரம். இந்தக் கணக்கைத் தாளில் குறித்து வையுங்கள், எழுதும்போது உதவும்.

பார்க்கும் ஏற்பாடு

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கிடைப்பதில் பெரிய திரையில் பாருங்கள். இது ரசனைத் தோரணைக்காகச் சொல்வதல்ல. முற்றிலும் நடைமுறைக் காரணம். படத்தின் முக்கியமான பல காட்சிகள் லாந்தர் வெளிச்சத்திலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் நடக்கின்றன. முதன்முறை நான் இதைப் பகல் நேரத்தில், சன்னல் வெளிச்சம் விழும் மடிக்கணினியில், மோசமாகச் சுருக்கப்பட்ட ஒரு பிரதியில் பார்த்தேன். ரயில் கொள்ளைக் காட்சியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புக் கட்டங்களும் அவற்றுக்கு நடுவே என் முகத்தின் பிரதிபலிப்பும்தான். ‘ஓவர் ஸ்லோ’ என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மூடிவிட்டேன். அந்தக் கருத்து அந்தக் கணினித் திரையைப் பற்றியது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது.

தொலைக்காட்சியில் பார்ப்பதானால், காட்சி அசைவை வழுக்கலாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அமைப்பை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை எந்தப் படமும் மாலைத் தொடர் போலத்தான் தெரியும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் துணைத்தலைப்பை ஓடவிடுவது நல்லது. பாத்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசூரி வழக்கில், வாய்க்குள் முணுமுணுத்துப் பேசுகிறார்கள். சாம் ராக்வெல் நடித்த சார்லி ஃபோர்டின் அசட்டுச் சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் பயம் பேச்சு புரிந்தால்தான் பிடிபடும். ஒரே அமர்வில் முடியாதென்றால், ஜெஸ்ஸியின் கூட்டாளிகளில் ஒருவனான வுட் ஹைட் கொல்லப்பட்டு அவன் உடலை அப்புறப்படுத்தும் இடத்தில் நிறுத்துங்கள். கதை அங்கே இயல்பாக மூச்சு வாங்குகிறது. வேறெங்கும் நிறுத்தினால், சேர்த்துவைத்த பதற்றம் ஆறிப்போய்விடும்.

நேரம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள்

‘மெதுவாக’ என்பது ஒரு புகார் அல்ல, பாராட்டும் அல்ல. அது பாதி வாக்கியம். மீதிப் பாதி, அந்த நேரத்தைப் படம் எதற்குக் கொடுத்தது என்பது. வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்ப்பதுபோலப் பாருங்கள்: எந்தக் காட்சிக்கு எவ்வளவு, எதற்கு ஒன்றுமே இல்லை என்று.

ரயில் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ரயில் மறிக்கப்படும் நேரத்தைவிட, ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரம் நீளம். இருட்டு, தண்டவாளத்தின் அருகே லாந்தரோடு ஜெஸ்ஸி, முகமூடி அணிந்த ஆட்கள் மரங்களுக்கிடையே அசையாமல் நிற்கிறார்கள். தொலைவில் வளைவில் திரும்பும் என்ஜினின் முகப்பு விளக்கு மரங்களின் நிழல்களைக் கம்பி கம்பியாக நகர்த்திக்கொண்டு வந்து, அந்த முகமூடிகளின் மேல் ஒவ்வொன்றாக விழுந்து கடக்கிறது. பிறகு நீராவி சூழ, அதற்குள் ஜெஸ்ஸி ஒரு கரிய உருவமாக நிற்கிறார். அதாவது, ஒரு மனிதன் புராணமாவதை நமக்குக் காட்டுவதற்குத்தான் படம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அதே மனிதன், எதிர்க்கத் தெம்பில்லாத ரயில் ஊழியர் ஒருவரின் தலையில் அடிக்கிறார். கிடைத்த பணமும் எதிர்பார்த்த அளவு இல்லை. புராணத்துக்கு நீளமாகவும் உண்மைக்குச் சுருக்கென்றும் நேரம் ஒதுக்கியிருப்பதே அந்தக் காட்சியின் கருத்து.

இதற்கு நேர்மாறாக, படுக்கையறையில் வுட் ஹைட்டும் இன்னொரு கூட்டாளியான டிக் லிடிலும் சுட்டுக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருவரும் சரமாரியாகச் சுடுகிறார்கள், பெரும்பாலான குண்டுகள் சுவரில் பாய்கின்றன. புகை, அலறல், தடுமாற்றம். கட்டிலில் இருந்த ராபர்ட் ஃபோர்டு துப்பாக்கியை நீட்டி வுட் ஹைட்டின் தலையில் சுட்டு அதை முடித்துவைக்கிறான். சில நொடிகளில் முடிந்துவிடும் இக்காட்சி, குறி தவறாத வெஸ்டர்ன் நாயகர்களை எல்லாம் ஓசையில்லாமல் கேலி செய்கிறது. மெதுவான படம் என்று பெயரெடுத்த ஒன்றில் வன்முறை இவ்வளவு சட்டென்று வந்து போகிறதே என்ற கேள்வி உங்களுக்கு எழுந்தால், நல்ல கருத்து ஒன்றின் முனை உங்கள் கையில் கிடைத்துவிட்டது என்று பொருள்.

படத்தின் நேரத்தில் பெரும்பங்கைத் தின்பவை சந்தேகக் காட்சிகள். தன்னைக் காட்டிக்கொடுக்கப்போவது யார் என்று தெரியாமல், ஜெஸ்ஸி பழைய கூட்டாளிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார். சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார், சிரிக்கிறார், திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரே இருப்பவரைப் பார்க்கிறார். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவருக்கும் பாதி தெரியும். இந்த இடங்களில் காட்சியை விரைவாக வெட்டினால் பதற்றம் போய்விடும். தகவல் கேட்டு ஒரு சிறுவனை அடித்துவிட்டு, குதிரையின் மேல் முகம் புதைத்து அவர் அழும் இடமும், உறைந்த ஏரியின் மேல் நின்று பனிக்கட்டிக்குள் சுட்டுக்கொண்டே சார்லியிடம் தற்கொலை பற்றிப் பேசும் இடமும் இந்த வரிசையில் வருபவை. கதையை முன்நகர்த்தாத காட்சிகள் என்று இவற்றைத்தான் பலர் சொல்கிறார்கள். சாகத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒருவரின் கதையில் இவை கதையே என்பது என் எண்ணம்.

பின்னணிக் குரலைப் பற்றித் தனியாக ஒரு பயிற்சி சொல்கிறேன். தொடக்கத்தில் அந்தக் குரல் ஜெஸ்ஸியின் உடல் அடையாளங்களை அடுக்குகிறது: இடக்கை நடுவிரலின் நுனி இல்லை என்றும், இமைகளில் இருந்த நோயால் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கண் சிமிட்டுவார் என்றும் சொல்கிறது. அதைக் கேட்டபின் பிராட் பிட் எத்தனை முறை கண் சிமிட்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். குரல் சொல்வதும் திரை காட்டுவதும் ஒத்துப்போகாத அந்த இடம் கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று நீங்களே முடிவு செய்யலாம். குரல் வரும் பல இடங்களில் படத்தின் ஓரங்கள் மங்கிக் கலங்கியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய அகலக்கோண லென்ஸ்களின் கண்ணாடிகளைக் கொண்டு டீக்கின்ஸ் அமைக்கச்செய்த சிறப்பு லென்ஸ்களின் வேலை அது. பழைய புகைப்படத்தைப் பார்ப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. கதைசொல்லி எப்போதோ நடந்ததை யாரோ சொல்லக் கேட்டுச் சொல்கிறார் என்பதற்கு அந்த மங்கலும் ஒரு சாட்சி.

எழுதும்போது

பார்த்து முடித்ததும், பிறர் எழுதியதைப் புரட்டுவதற்கு முன், கைக்குக் கிடைத்த தாளில் பத்து வரி எழுதிவிடுங்கள். பிறர் கருத்தைப் படித்தபின் எழுத உட்கார்ந்தால், உங்கள் சலிப்பும் உங்கள் வியப்பும் அவர்களுடைய சொற்களை உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். அப்படிப் பொதுச்சொற்களில் எழுதப்பட்ட ஒரு கருத்து ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘படம் மிகவும் மெதுவாகப் போகிறது. ஒளிப்பதிவு அருமை. பிராட் பிட் வாழ்ந்திருக்கிறார். பொறுமை இருந்தால் ஒரு முறை பார்க்கலாம்.’ இதில் பிராட் பிட்டின் பெயரை மாற்றிவிட்டால் நூறு படங்களுக்கு இதையே ஒட்டலாம்.

இதைத் திருத்த, ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதற்குள் உட்காருங்கள். சாப்பாட்டு மேசைக் காட்சியை எடுத்தால் இப்படி எழுத வரும்: ‘ஜெஸ்ஸிக்கும் தனக்கும் உள்ள ஒற்றுமைகளை ராபர்ட் ஃபோர்டு சிறுவயதிலிருந்தே எண்ணிவைத்திருக்கிறான்: இருவரும் தத்தம் வீட்டில் கடைக்குட்டி ஆண்பிள்ளைகள், இருவர் கண்களும் நீலம், இருவரும் ஒரே உயரம். அண்ணன் தூண்டிவிட, அந்தப் பட்டியலை அவன் ஜெஸ்ஸியின் முன்னாலேயே ஒப்பிக்க நேர்கிறது. மேசையே சிரிக்கிறது. படம் அவசரப்படாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் ஒரு ரசிகன் கொலைகாரனாகத் தொடங்குகிறான். இதை இரண்டு நொடியில் வெட்டியிருந்தால் அது ஒரு கிண்டல் காட்சியாக மட்டுமே நின்றிருக்கும்.’ இந்தக் கருத்தோடு படிப்பவர் உடன்படலாம், மறுக்கலாம். எதுவானாலும் அவருக்கு மறுக்க ஒரு பொருள் கிடைக்கிறது.

பிடிக்கவில்லை என்றாலும் இதே முறைதான். எனக்கும் இப்படத்தில் குறைகள் உண்டு. மேகங்கள் வானத்தில் விரைந்தோடும் காட்சி முதல் முறை வந்தபோது காலத்தின் ஓட்டமாகத் தெரிந்தது. திரும்பத் திரும்ப வந்தபோது இடைவேளைத் திரைச்சீலையாகத் தெரிந்தது. ஜெஸ்ஸியின் மனைவி ஸீயாக வரும் மேரி லூயிஸ் பார்க்கருக்குக் கணவன் சாகும்வரை பேச ஏதும் கொடுக்கவில்லை. அலறுவதற்காகவே அவரை அந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள். கண்முன் தெரிவதையே பின்னணிக் குரல் மறுபடி சொல்லும் இடங்களும் உண்டு. இவ்வளவையும் ‘ஜவ்வு’ என்ற ஒரு சொல்லில் அடக்கியிருந்தால் எனக்கு ஒரு நிமிடம் மிச்சமாகியிருக்கும், படிப்பவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தலைப்பில் இருக்கும் ‘கோழை’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இந்தப் படத்தைப் பற்றிக் கருத்து எழுத முடியாது. அது யாருடைய தீர்ப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஜெஸ்ஸி இறந்ததுமே பிறந்த பாட்டு ஒன்று, மிஸ்டர் ஹோவர்டைச் சுட்ட அழுக்குப்பிடித்த கோழை என்று ஃபோர்டை ஏசுகிறது. நம் ஊரில் சந்தைகளிலும் ரயில்களிலும் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகளுக்கு அது உறவு. படமோ கொலைக்காட்சியை அந்தப் பாட்டு சொல்வதைவிடச் சிக்கலாக்கிவிடுகிறது. ஜெஸ்ஸி தானாகவே துப்பாக்கி வாரைக் கழற்றி வைக்கிறார். சுவரில் மாட்டியிருந்த குதிரைப் படத்தில் தூசி படிந்திருப்பதைத் துடைக்க நாற்காலியில் ஏறுகிறார். அந்தப் படத்தின் கண்ணாடியில், பின்னால் துப்பாக்கியை உயர்த்தும் ஃபோர்டின் உருவம் தெரிகிறது; அவர் பார்க்கிறார்; திரும்பவில்லை. சில நாள்களுக்கு முன் புதுத் துப்பாக்கி ஒன்றை ஃபோர்டுக்குப் பரிசாகக் கொடுத்தவரும் அவரே. வரலாற்றில் நடந்தது எது, படம் சேர்த்தது எது என்பதை இங்கே கவனமாகப் பிரித்து எழுத வேண்டும்: தூசி துடைக்க ஏறியதும் பின்னாலிருந்து சுடப்பட்டதும் வரலாற்றில் பதிவாகியிருப்பவை, கண்ணாடியில் கண்டும் திரும்பாமல் நின்றது, 1983-இல் வந்த ரான் ஹான்சனின் நாவலை அடியொற்றி இயக்குநர் ஆண்ட்ரூ டோமினிக் கட்டியெழுப்பிய விளக்கம். ‘உண்மைக் கதை’ என்று ஒட்டுமொத்தமாக எழுதிவிட்டால் படத்தின் துணிவான பகுதியை வரலாற்றின் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள்.

கொலைக்குப் பிறகு வரும் பகுதியை எழுதாமல் விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பலர் அங்கே எழுந்து போய்விடுவதும் உண்டு. படத்தில் மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிகம் நடப்பது அங்கேதான். ஃபோர்டு சகோதரர்கள் அந்தக் கொலையை மேடை நாடகமாக நடித்துக் காட்டுகிறார்கள். சார்லி ஜெஸ்ஸியாக வேடம் கட்டுகிறான், வேடம் மெல்ல மெல்ல அவன் நடையிலும் குரலிலும் ஏறிவிடுகிறது. தன் கணக்குப்படி எண்ணூறு முறைக்கும் மேல் ஃபோர்டு ஜெஸ்ஸியைக் கொன்றான் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. கைதட்டுக்காக ஏறிய மேடையில் ஒருநாள் கூட்டத்திலிருந்து ‘கோழை’ என்று குரல் வருகிறது. 1884-இல் சார்லி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். இரண்டு மணி நேரமாக ஊர்ந்த படம் இங்கே ஆண்டுகளைத் தாவித் தாவிக் கடப்பதைக் கவனித்து எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்பு தாளில் குறித்து வைத்த கால அளவுக் கணக்கை இங்கே எடுத்துப் பாருங்கள். புகழுக்காகக் காத்திருந்த மாதங்கள் நீண்டன, புகழ் வந்தபின் வாழ்க்கை விரைந்து கழிந்தது என்று உங்களுக்குத் தோன்றினால் அப்படி எழுதலாம். படத்தொகுப்பு அறையில் நேரம் போதாமல் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று தோன்றினால் அதையும் எழுதலாம்.

யாருக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ‘வெஸ்டர்ன் ரசிகர்களுக்கு’ என்று எழுதாதீர்கள், அவர்களில்தான் இதை வெறுத்தவர்கள் அதிகம் தென்படுகிறார்கள். நான் இரண்டாம் முறை பார்த்தபோது என் மைத்துனர் உடன் இருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் ‘எப்பதான் மாப்ள சுடுவான்?’ என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாலும், படம் முழுக்க எல்லோர் மனதிலும் ஓடும் கேள்வி அதுதான் என்பதால் நான் பதில் சொல்லவில்லை. உறைந்த ஏரிக்கு முன்பே தூங்கிப்போனவர் துப்பாக்கிச் சத்தத்தில் விழித்து, முடிந்துவிட்டதா என்றார்; இன்னும் இருக்கிறது என்றதும் சலித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்து மீதியை முழுதாகப் பார்த்தார். இசையமைப்பாளர்களில் ஒருவரான நிக் கேவ் மதுக்கடைப் பாடகராக வந்து அந்தக் கோழைப் பாட்டைப் பாடும் காட்சி வந்தது. ஜெஸ்ஸிக்கு மூன்று பிள்ளைகள் என்று பாட்டு சொல்ல, குடிபோதையில் இருந்த ஃபோர்டு, மூன்றல்ல, இரண்டு என்று குறுக்கிட்டான். ‘மூணா, ரெண்டா?’ என்று மைத்துனர் என்னைக் கேட்டார். இரண்டுதான், ஒரு மகன், ஒரு மகள்; அவர்கள் தவிர இரட்டைக் குழந்தைகளும் பிறந்து சில நாள்களில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அந்த மதுக்கடையில் இருந்தவர்களிலேயே ஜெஸ்ஸியின் வீட்டுக்குள் தூங்கி எழுந்து அந்தப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன் ஃபோர்டு ஒருவன்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் பத்து வரிக் குறிப்பில் அது பதினோராவது வரியாகச் சேர்ந்தது.